மாணவனைக் கேட்டோம், கடையைக் கேட்டோமா?

(சேர்வராயன் மலை, செம்மநத்தத்தில் ஆசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு முதல் வணக்கம். மலைப்பாதையில் வண்டி ஓட்டி வந்திருக்கும் ஆசிரியர்களுக்கு அடுத்த வணக்கம்.

போதைப்பொருள் விழிப்புணர்வு பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். மது உடலுக்குக் கேடு என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகஸ்ட் மாதத்தில் மாணவர்கள் உறுதிமொழி எடுக்கிறார்கள். போதைப்பொருள் எதிர்ப்பு மன்றம் இருக்கிறது. சுவரொட்டிப் போட்டி நடக்கிறது. இவையெல்லாம் மாணவனைப் பார்த்துப் பேசுகின்றன. நான் இன்று பேச வந்தது அவனுக்கு விற்றவரைப் பற்றி.

ஒரு நிலைமையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் பையில் ஒரு குவார்ட்டர் பாட்டில் கிடைக்கிறது. வழக்கமாக என்ன நடக்கும்? தலைமையாசிரியர் அறைக்கு வெளியே அவனை நிற்க வைப்போம். பெற்றோரை வரச் சொல்வோம். அப்பா வந்து எல்லோர் முன்னாலும் இரண்டு அடி கொடுப்பார். மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்குவோம். "இன்னொரு தடவை நடந்தால் டி.சி.தான்" என்று சொல்லி அனுப்புவோம். மறுநாளிலிருந்து பையன் பள்ளிக்கு வருவதில்லை. ஒரு மாதம் கழித்து எஸ்டேட்டில் மிளகுக் கொடி கட்டுகிறான் என்று யாராவது சொல்வார்கள்.

அந்த மன்னிப்புக் கடிதத்தில் பையனின் பெயர் இருக்கும், வகுப்பு இருக்கும், அப்பாவின் கையெழுத்து இருக்கும். நான்கு விவரங்கள் மட்டும் இருக்காது. பாட்டில் எந்தக் கடையில் வாங்கியது? எத்தனை மணிக்கு? கொடுத்தவர் யார்? வயது கேட்டாரா? அந்தப் பாட்டிலை நாளைக்கு இன்னொரு பிள்ளையின் கைக்குப் போகவிடாமல் தடுக்கக்கூடிய விவரங்கள் இவைதான். அவற்றை நாம் எழுதுவதே இல்லை.

சட்டம் யாரைக் குற்றவாளி என்கிறது?

தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது. பதினெட்டு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம், பதினெட்டு புகையிலைக்கு. மதுவுக்கு இருபத்தொன்று. அப்படியென்றால் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் மட்டுமல்ல, சேலத்தில் கல்லூரி படிக்கும் அவன் அண்ணனும்கூடக் கடையில் வாங்க முடியாத வயதில்தான் இருக்கிறான்.

அடுத்தது, இளைஞர் நீதிச் சட்டம், 2015. இதில் இரண்டு பிரிவுகளை ஒவ்வொரு ஆசிரியரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரிவு 77: மருத்துவர் சொல்லாமல் 18 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மதுவையோ போதைப்பொருளையோ புகையிலையையோ கொடுப்பவருக்கும் கொடுக்கச் செய்பவருக்கும் 7 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பிரிவு 78: மது அல்லது போதைப்பொருளை விற்கவோ சுமக்கவோ கொண்டுபோய்க் கொடுக்கவோ கடத்தவோ குழந்தையைப் பயன்படுத்துபவருக்கும் அதே தண்டனை.

இரண்டு பிரிவுகளிலும் தண்டனை பெரியவருக்கு. குழந்தை அங்கே பாதிக்கப்பட்டவராக நிற்கிறது. நம் பள்ளியிலோ அதே குழந்தை குற்றவாளியாக நிற்கிறது. அந்த அளவு நாம் சட்டத்திலிருந்து விலகிப் போயிருக்கிறோம்.

டி.சி. மிரட்டலையும் சேர்த்துப் பார்ப்போம். கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 16-இன்படி, தொடக்கக் கல்வியை முடிக்கும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. பிரிவு 17 அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஆக, நாம் வழக்கமாகச் செய்யும் மூன்றில், வெளியே நிற்க வைத்து அவமானப்படுத்துவதும் அடிப்பதும் டி.சி. கொடுப்பதும், ஒன்றுகூடச் சட்டப்படி நம் கையில் இல்லை.

கடையை அழைத்துக் கேட்கும் முறை

விற்ற கடையை எப்படிக் கேள்வி கேட்பது? வேறு ஒரு நாட்டில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் நமக்கு ஒரு தெளிவு கிடைக்கும்.

இங்கிலாந்தில் மளிகைக் கடைகளிலேயே மது விற்பார்கள். லண்டனில் இத்தகைய சிறு கடைகள் பலவற்றை நடத்துகிறவர்கள் நம் ஈழத் தமிழர்கள். ஒவ்வொரு கடைக்கும் உள்ளாட்சி மன்றம் உரிமம் தருகிறது. 2003-ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் நான்கு நோக்கங்களைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று, குழந்தைகளைத் தீங்கிலிருந்து காப்பது. ஒரு கடை 18 வயது நிறையாதவருக்கு மது விற்றது தெரியவந்தால், காவல்துறையோ நுகர்வோர் நலன் பார்க்கும் அலுவலரோ குழந்தைகள் பாதுகாப்பு அமைப்போ "இந்தக் கடையின் உரிமத்தை மறுஆய்வு செய்யுங்கள்" என்று மனுக் கொடுக்கலாம். அந்தத் தெருவில் குடியிருக்கும் சாதாரண மனிதரும் கொடுக்கலாம்.

மனு வந்ததும் கடை வாசலில் அறிவிப்பு ஒட்டப்படும். 28 நாட்களுக்குள் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். பிறகு மன்ற உறுப்பினர்கள் அடங்கிய ஒரு சிறு குழு உட்கார்ந்து கடைக்காரரையும் மனுதாரரையும் நேருக்கு நேர் விசாரிக்கும். தீர்ப்பாக அந்தக் குழு உரிமத்தில் புதிய நிபந்தனைகள் சேர்க்கலாம். பொறுப்பு மேலாளரை நீக்கலாம். மூன்று மாதம் வரை உரிமத்தை நிறுத்திவைக்கலாம். அல்லது ரத்தே செய்யலாம். பிடிக்காதவர் 21 நாட்களுக்குள் நீதிமன்றம் போகலாம்.

அந்தக் குழு கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். ஊழியருக்குப் பயிற்சி கொடுத்தீர்களா? கொடுத்ததற்குப் பதிவு எங்கே? பார்வைக்கு 25 வயதுக்குக் குறைந்தவராகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்கும் வழக்கம் உண்டா? விற்க மறுத்த நேரங்களை எழுதிவைக்கும் பதிவேடு உண்டா? கண்காணிப்புக் கேமரா வேலை செய்கிறதா? "அந்தப் பையன் ஏன் குடிக்க வந்தான்" என்பது அங்கே கேள்வியே இல்லை. பையன் வருவான், வந்தால் கொடுக்காமல் இருக்கக் கடை என்ன ஏற்பாடு செய்திருக்கிறது என்பதுதான் விசாரணை.

இதையெல்லாம் அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் பிள்ளைகள் குடிக்கிறார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கேள்விகளை.

நம் மாவட்டம், நம் கடை

மதுவைப் பற்றிப் பேசும்போது சேலம் மாவட்டத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது இந்த மாவட்டத்தில்தான். ராஜாஜி அமைச்சரவை 1937-இல் மதுவிலக்குச் சட்டத்தைக் கொண்டுவந்து, அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் அமல்படுத்தியது. அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த திருச்செங்கோடு பகுதியில் காந்தி ஆசிரமம் அமைத்து, மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற இதழை நடத்தியவர் அவர். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. பிறகு மாநிலம் முழுவதும் மதுவிலக்கு வந்ததும், 1971-இல் தளர்ந்ததும், மீண்டும் வந்து போனதும் உங்களுக்குத் தெரிந்த வரலாறு. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் அதனிடம் வந்தது.

இங்கேதான் நமக்கு ஒரு சங்கடம். இங்கிலாந்தில் கடை தனியாருடையது, கேள்வி கேட்பது அரசு. இங்கே கடை அரசு நிறுவனத்தினுடையது. புகார் எழுத வேண்டிய ஆசிரியரும் அரசு ஊழியர். "அரசாங்கக் கடையைப் பற்றி அரசாங்க வாத்தியார் எழுதலாமா சார்?" என்று கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

என் பதில் இது. 21 வயது என்று விதி எழுதியதும் அரசுதான். அந்த விதி மீறப்பட்டால் அதைத் தெரிவிப்பவர் அரசை எதிர்ப்பவர் ஆகமாட்டார். அரசின் விதியைக் காப்பவர் ஆகிறார். கடைக்கு உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர். அந்த உரிமத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. கடை ஊழியர்களுக்கு மேலே மாவட்ட மேலாளர் இருக்கிறார். மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் உதவி ஆணையர் இருக்கிறார். கேட்க ஆள் இருக்கிறது. கேட்கச் சொல்லி நம்மிடமிருந்து ஒரு தாள் போக வேண்டும்.

கடைகளின் இடத்தைப் பற்றியும் விதி உண்டு. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் பள்ளிக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் 50 மீட்டருக்குள்ளும் மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் மதுக்கடை இருக்கக் கூடாது. தூரத்தைப் பற்றி நாம் நிறையப் போராடியிருக்கிறோம். சேலம் மாவட்டத்துக் காந்தியவாதி சசிபெருமாள், கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் இருந்த மதுக்கடையை அகற்றக் கோரிச் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது 2015 ஜூலை 31 அன்று உயிரிழந்தார். ஒரு கடையை இடம் மாற்ற ஒரு மனிதர் உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது என்பது நம் எல்லோருக்கும் வருத்தம் தர வேண்டிய செய்தி. மனு என்ற பாதையை நாம் அன்றாடம் பயன்படுத்திப் பழக வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் தூரம் மட்டும் போதாது. கடை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், பேருந்துக்குக் காத்திருக்கும் பையனுக்கு விற்றால் அது விற்பனைதான்.

மலையில் பாட்டில் வரும் வழிகள்

மலையில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். பிள்ளைகள் கைக்கு மது வருவது எப்போதும் கடை ஜன்னல் வழியாக அல்ல. மூன்று வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

முதல் வழி, கடையே நேராக விற்பது. இதற்கு உரிமம் பற்றிய புகார். மாவட்ட ஆட்சியர், உதவி ஆணையர், டாஸ்மாக் மாவட்ட மேலாளர் ஆகியோருக்கு எழுத வேண்டும்.

இரண்டாம் வழி, சந்துக்கடை. கடையில் மொத்தமாக வாங்கிவந்து வீட்டிலும் பெட்டிக்கடையிலும் வைத்துக் கூடுதல் விலைக்கு விற்பவர்கள். இவர்களுக்கு உரிமமே இல்லாதபோது மறுஆய்வு செய்ய ஒன்றுமில்லை. இது நேரடிக் குற்றம். காவல் நிலையத்திலும், மதுவிலக்குக் குற்றங்களுக்கான 10581 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம். சந்துக்கடையில் அடையாள அட்டை கேட்கமாட்டார்கள் என்பதால் பிள்ளைகளுக்கு மிக எளிதான கடை அதுதான். கூடவே ஒரு கேள்வியையும் கடைக்கு அனுப்ப வேண்டும்: ஒரே ஆளுக்கு அத்தனை பாட்டில்களைக் கொடுத்தது யார்?

மூன்றாம் வழி வீடு. "போய் மாமாகிட்ட அப்பாவுக்கு ஒண்ணு வாங்கிட்டு வாடா" என்று அனுப்புவது. தாய்மார்களே, இதைச் சொல்லும்போது உங்கள் முகம் மாறுவதைப் பார்க்கிறேன். பிள்ளையை மது சுமக்க வைப்பது பிரிவு 78-க்குள் வரும் குற்றம் என்பது பல அப்பாக்களுக்குத் தெரியாது. எடுத்ததும் போலீஸ் என்று போக வேண்டாம். ஆனால் பெற்றோர் கூட்டத்தில் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாங்கிவரும் பிள்ளைதான் ஒரு நாள் மூடியைத் திறந்து பார்க்கிறது.

இங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் அதிகம் என்பதால் இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம், பழங்குடிப் பகுதிக் கிராம சபைகளுக்கு மது விற்பனையைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் அதிகாரம் தருகிறது. ஆனால் அது அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி இல்லை. அதனால் "பெசாவில் எங்களுக்கு உரிமை உண்டு" என்று மனு எழுதினால் அது நிற்காது. நமக்குக் கிராம சபைத் தீர்மானம் உண்டு. அது ஆட்சியரைக் கட்டாயப்படுத்தும் ஆணையாக இல்லாவிட்டாலும், ஊரின் எழுத்துப்பூர்வமான குரல். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை அந்தக் குரலுக்கு வாய்ப்பு இருக்கிறது.

பள்ளி செய்யக்கூடியது

இனி நடைமுறை. வரிசையாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிள்ளையின் உயிர். குடித்துவிட்டுத் தள்ளாடும் அல்லது மயங்கிய பிள்ளையைத் திட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். தலையில் குளிர்ந்த நீர் ஊற்றாதீர்கள். மது உடல் வெப்பத்தைக் குறைக்கும், நம் மலைக் குளிரில் அது ஆபத்து. பிள்ளைகளுக்கு ரத்தத்தில் சர்க்கரையும் சட்டென்று இறங்கும். 108-ஐக் கூப்பிட்டு, வண்டி வரும்வரை ஒருவர் பக்கத்திலேயே இருங்கள்.

இரண்டாவது, தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். நம்பிக்கையான ஓர் ஆசிரியர் போதும். நான்கு பேர் சூழ்ந்து நிற்க வேண்டாம். நான் முதலில் சொன்ன நான்கு விவரங்களை அவன் சொன்னபடி எழுதிக்கொள்ளுங்கள்: எங்கே, எப்போது, யார், வயது கேட்டார்களா. பாட்டிலில் உள்ள லேபிளின் விவரங்களையும் எழுதிப் பாட்டிலைப் பத்திரமாக வையுங்கள். கோபத்தில் கழிப்பறையில் கொட்டிவிடாதீர்கள். அது சான்று.

மூன்றாவது, செய்யக் கூடாதவை. பையனைக் கடைக்கு அழைத்துப்போய் "இவரா?" என்று கேட்கக் கூடாது. சோதிப்பதற்காக வேறு மாணவனை வாங்கிவர அனுப்பக் கூடாது. புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74 தடை செய்கிறது. பலருக்கும் போகும் மனுவில் "எங்கள் பள்ளி மாணவர் ஒருவர்" என்று எழுதினால் போதும். பெயர், குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் விசாரிக்கும் அலுவலருக்கும் தெரிந்தால் போதும்.

நான்காவது, 1098-க்குச் சொல்லுங்கள். அவர்கள் வழியாக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தகவல் போகட்டும். பையனுக்கு ஆலோசனை தேவைப்பட்டால் நம் துறையின் 14417 இருக்கிறது.

ஐந்தாவது, பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டுங்கள். தலைவர் ஒரு தாய். பெற்றோர்களே பெரும்பான்மை. ஆசிரியர் தனியாகக் கையெழுத்துப் போடும் கடிதத்தைவிட இந்தக் குழுவின் தீர்மானத்துக்கு வலு அதிகம். ஆசிரியருக்கும் பாதுகாப்பு. தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலருக்கு முறையாகத் தெரிவித்துவிட்டு, தீர்மான நகலைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் குழுத் தலைவரே கொடுக்கலாம். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வரக் கூடாது.

ஆறாவது, மனுவில் என்ன கேட்பது? "கடையை மூடுக" என்ற ஒரே வரியோடு நிறுத்தினால், "பரிசீலிக்கப்படும்" என்ற ஒரே வரியில் பதில் வந்துவிடும். கேள்வியாகக் கேளுங்கள். குறிப்பிட்ட நாளில் 21 வயதுக்குட்பட்டவருக்கு விற்றது பற்றி விசாரணை நடந்ததா? அந்த நேரத்துக் கேமராப் பதிவு பார்க்கப்பட்டதா? வயதுச் சான்று கேட்க ஊழியர்களுக்கு எழுத்துப்பூர்வ உத்தரவு உண்டா? விற்க மறுத்ததைக் குறிக்கும் பதிவேடு தொடங்கப்படுமா? பள்ளி விடும் நேரத்தில் கூடுதல் கவனம் இருக்குமா? இவ்வளவும் செய்யாத கடையின் உரிமம் ஏன் தொடர வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்வி, முந்தைய கேள்விகளுக்குப் பிறகு வந்தால்தான் எடை பெறும்.

ஏழாவது, விடாமல் பின்தொடருங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு பெற்றோர் கேட்கலாம்; 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள்.

ஒரு சொல் கடை ஊழியர்களைப் பற்றியும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கும் பிள்ளைகள் உண்டு. கூட்டம் அலைமோதும் சனிக்கிழமை மாலையில், கை நீட்டும் ஒவ்வொருவரின் முகத்தையும் அவர் பார்ப்பதில்லை. "அட்டை காட்டு" என்று அவர் கேட்டால் சண்டை வரும். அப்போது அவருக்குத் துணை நிற்க ஓர் உத்தரவு வேண்டும், ஒரு பலகை வேண்டும், மேலதிகாரியின் ஆதரவு வேண்டும். நாம் கேட்பது அந்த ஏற்பாட்டை. ஓர் ஊழியரை மட்டும் தற்காலிகப் பணிநீக்கம் செய்துவிட்டுக் கோப்பை மூடினால் அடுத்த ஊழியரும் அப்படியேதான் விற்பார்.

கடைசியாகப் பையனிடம் திரும்பி வருகிறேன். அவன் நாளை காலை வகுப்பில் இருக்க வேண்டும். முதல் பாடவேளையில் அவன் பெயரைக் கூப்பிட்டு வருகைப் பதிவில் குறிக்க வேண்டும். நண்பர்கள் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தால் அதை அன்றே நிறுத்த வேண்டும். இந்த மலையில் பள்ளியைவிட்டு ஒரு பிள்ளை போனால் திரும்பி வருவது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பாட்டில் அவனுக்குச் செய்த கேட்டைவிடப் பெரிய கேட்டை, பள்ளியின் கோபம் செய்துவிடக் கூடாது.

இன்று வீட்டுக்குப் போகும் முன் ஒரே ஒரு வேலை செய்யலாம். உங்கள் பள்ளிப் பதிவேட்டில் ஒரு புதிய பக்கத்தைத் திறந்து, மேலே அந்த நான்கு கேள்விகளை எழுதிவையுங்கள். அந்தப் பக்கம் என்றும் வெறுமையாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஒரு நாள் அதில் எழுத நேர்ந்தால், பையனின் பெயருக்குப் பதிலாகக் கடையின் எண்ணை முதலில் எழுதுங்கள்.